கந்தகத்தின் கை

பின்கட்டு வாளிக்குள் விரால் மறுபடியும் மூச்சு வாங்கியது. அது மேலே வந்து, வாயைத் திறந்து, ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும்போது எழும் சத்தம், சோடா மூடியைத் திறந்த மாதிரி, சின்னதாக ஒரு ப்ளக். மற்ற மீன்களைப் போல இல்லை, விராலுக்குத் தண்ணீரும் வேண்டும் காற்றும் வேண்டும், அதனால்தான் வாளியில் போட்டுத் தட்டால் மூடிக் கல்லைத் தூக்கி வைத்தாலும் பொழுது முழுக்க உயிரோடு கிடக்கும். அத்தை காலையில் அப்படித்தான் மூடி வைத்துவிட்டுப் போனாள். "நீ கை வைக்காத புள்ள. ஏவாரம் முடிச்சு வந்து நானே சாம்பல் போட்டு உரசி அறுக்குறேன். ராத்திரிக்கு உனக்குக் கொழம்பு." உனக்கு என்றாள், நமக்கு என்று சொல்லவில்லை. அணைக்கட்டு ரோட்டில் மீன் விற்கிற அத்தை குழந்தைதெரேசுக்கு விரால் கிடைப்பது ஒன்றும் அதிசயமில்லை, ஆனால் கிடைக்கிற விராலில் பெரியதை விற்காமல் மருமகளுக்கென்று எடுத்து வைப்பது அவளைத் தவிர அந்த வரிசையில் வேறு யாரும் செய்கிற காரியம் இல்லை. ஜாஸ்லின் அடுப்படி வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். நடுவீட்டில் சேலைத் தொட்டிலுக்குள் மகள் மெலனி தூங்கினாள். செல்போன் மடியில் கிடந்தது. மத்தியானத்துக்குள் கூப்பிடுகிறேன் அக்கா என்று அந்தக் காலேஜ் பெண் யாழினி சொல்லியிருந்தாள். மத்தியானம் என்பது எது வரைக்கும். சோறு வடித்தாகிவிட்டது, வெயில் கிணற்றடியிலிருந்து படிக்கு ஏறிவிட்டது, ப்ளக், இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் இருப்பதே நல்லது என்று ஒரு நிமிடம் தோன்றியது. கூப்பிடாத வரைக்கும் எதுவும் ஆகவில்லை. கீரைக் காம்பில் ஒரு இலை வராமல் அடம் பிடித்தது, அதைப் பிடுங்குகிற வேகத்தில் காம்பே ஒடிந்தது.

எல்லாம் அந்தக் கூட்டத்தோடு ஆரம்பித்தது. கோயில் பங்கு மண்டபத்தில் மீன் சொசைட்டிக்காரர்களையும் பெண்களையும் வரச் சொல்லி, காலேஜ்காரர்கள் சுவரில் படம் காட்டினார்கள். மேட்டில் முன்னே ஓடி, பிறகு இழுத்து மூடிய டியூப்லைட் கம்பெனியிலிருந்து பாதரசம் மழையோடு இறங்கி அணையின் சேற்றில் படிந்துவிட்டதாம். சேற்றுக் கிருமி அதை வேறு ஒன்றாக மாற்றுகிறதாம், பாசியில் ஏறி, பாசி தின்னும் குஞ்சில் ஏறி, குஞ்சைத் தின்னும் கெளுத்தியில் ஏறி, எல்லாவற்றையும் தின்னும் விராலில் வந்து குவிகிறதாம். ஒரு பெண் எழுந்து, மஞ்சள் போட்டுக் கழுவினால் போகாதா என்று கேட்டாள். இன்னொருத்தி புளியைக் கரைத்து ஊற வைத்தால் என்றாள். கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டால், தலையை விட்டுவிட்டால், மூன்று கொதி கொதிக்க வைத்தால். யாழினிதான் பதில் சொன்னாள். அது கொழுப்பில் இல்லை, சதையில் இருக்கிறது, சதையின் புரதத்தையே பிடித்துக்கொண்டு இருக்கிறது, நீங்கள் சாப்பிடுவது எதுவோ அதில்தான் இருக்கிறது, கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் சுண்டும், அது அப்படியே இருக்கும். அப்போது அத்தை எழுந்து நின்றாள், சேலையை இடுப்பில் செருகியபடி. "ஏம்மா, நான் பொறந்ததுலருந்து இந்த அணை மீனைத் திங்கிறேன். செத்தா போயிட்டேன்? ஒங்க காலேசுல கோழிக்கறி யாவாரம் பாக்குறாகளா?" எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே கலைந்தும் போனார்கள். ஜாஸ்லின் சிரிக்கவில்லை. அப்போது நான்கு மாதக் குழந்தை மெலனி அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது, அதன் தலையின் சூடு கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் காதில் நின்றது. புரதம்.

புரதம் அவளுக்குத் தெரிந்த வார்த்தை. கான்வென்டில் பிளஸ் டூ படிக்கும்போது சிஸ்டர் கன்சோலாத்தா கரும்பலகையில் ஒரு சங்கிலி வரைந்து, வளையத்துக்கு வளையம் வேறு நிறச் சாக்பீஸால் பூசி, இதில் சிஸ்டீன் என்று ஒன்று வரும், அதற்கு ஒரு கந்தகம் உண்டு, கந்தகம்தான் அதன் கை என்று சொன்னது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சங்கிலி அப்படியே நீளமாகக் கிடந்தால் புரதம் இல்லை, வெறும் நூல். மடங்க வேண்டும். ஒரு கந்தகம் இன்னொரு கந்தகத்தின் கையைப் பிடிக்கும், மடிப்பு நிற்கும், அந்த மடிப்பில்தான் வேலை நடக்கும், மூச்சும் செரிமானமும் யோசனையும். அதே சிஸ்டர்தான் லேபில் தெர்மாமீட்டர் உடைந்தபோது எல்லோரையும் வெளியே விரட்டினார். விரட்டுவதற்குள் மேசையில் உருண்ட பாதரசத்தின் வெள்ளி மணிகளை ஜாஸ்லின் பார்த்துவிட்டாள். தொட்டால் பிரிந்தது, தள்ளினால் சேர்ந்தது, ஈரமே இல்லாத தண்ணீர். பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணின் தங்க மோதிரத்தில் ஒரு மணி பட்டு மோதிரம் பல்லைப் போல வெளுத்துப் போனது, அவள் வீட்டுக்குப் போக பயந்து அழுதாள். தங்கத்தையே கேட்காமல் பிடித்துக்கொள்கிற பொருள், கந்தகத்தின் கையை விடுமா. ஒரு கை இன்னொரு கையைத் தேடி நீட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து பிடித்துக்கொண்டால், அந்தச் சங்கிலி எப்படி மடங்கும், மடங்காவிட்டால் அது என்ன வேலை செய்யும். விராலின் உடம்புக்குள் இப்போது அதுதான் நடந்துகொண்டிருக்கிறதா. அதன் ஈரலில், அதன் வாலை வீசுகிற சதையில், கைகள் எல்லாம் வேறு யாரிடமோ மாட்டிக்கொண்டு, ஆனாலும் அது மேலே வருகிறது, காற்றைக் குடிக்கிறது, ப்ளக், தனக்கு என்ன ஆனது என்று தெரியாமல்.

யாழினி அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாள், சொல்லியிருக்க வேண்டாம். சிஸ்டீனைப் பிடித்துக்கொண்ட பாதரசம் ஒரு நல்ல அமினோ அமிலம் மாதிரியே இருக்குமாம், வாசலில் நிற்கிற காவலுக்கு வித்தியாசம் தெரியாதாம், தொப்புள்கொடி வழியாக, மூளையின் கதவு வழியாக, உணவு வந்திருக்கிறது என்று உள்ளே விட்டுவிடுமாம். வேஷம். நல்லவன் வேஷம் போட்டு வாசலில் நிற்பது. கல்யாணமாகி வந்த மாதத்திலிருந்து விரால், உண்டானது தெரிந்ததும் வாரத்துக்கு இரண்டு தடவை விரால், குழந்தையை ஆபரேஷன் பண்ணி எடுத்த பிறகு தையல் ஆற விரால் சூப். அத்தை தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நடு முள்ளை உருவி, சதையை மட்டும் பிய்த்துப் பிய்த்து வைப்பாள். அம்மா இல்லாத ஜாஸ்லினுக்கு அப்படி யாரும் பிய்த்து வைத்ததில்லை. அந்தக் கையை எப்படி வேஷம் என்று நினைப்பது. வேஷம் போட்டது கை இல்லை, கையில் இருந்தது. ஆனால் இரண்டையும் எப்படிப் பிரிக்க. புருஷன் எட்வினிடம் போனில் சொன்னால் ஓசூரில் ஷிப்ட் சத்தத்துக்கு நடுவில், "நெட்டுல எதையாச்சும் படிக்காத ஜாஸு, அம்மாகிட்ட இதெல்லாம் பேசிராத, அதுக்குத் தெரிஞ்சதே மீன் மட்டுந்தான்" என்கிறான். அதுதான் தெரியுமே. அதனால்தானே பேசாமல் இருக்கிறாள்.

பேசாமல் ஏமாற்றினாள். கூட்டம் நடந்த மறுநாளிலிருந்து தட்டில் வைத்த விரால் சோற்றுக்குக் கீழே போனது, சோற்றிலிருந்து பிளாஸ்டிக் கவருக்கு, கவரிலிருந்து வேலியோரப் பூனைக்கு. ஒரு வாரம் பூனை காலையே சுற்றிச் சுற்றி வந்தது. பிறகுதான் அது குட்டிக்குப் பால் கொடுக்கிற பூனை என்று கவனித்தாள், கை நின்றுபோனது. அப்புறம் பப்பாளி மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள். பப்பாளி காய்த்தால் அதைத் தின்னலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாள், தனக்கே சிரிப்பு வந்தது, சிரித்த பிறகும் யோசித்தாள். ஒரு நாள் பால் கொடுப்பதையும் நிறுத்திப் பார்த்தாள். டின் பால் கரைத்துப் புகட்டினாள். மெலனி துப்பினாள், வீறிட்டாள், முகம் கறுக்க அழுதாள், மார்பு கல்லாய்க் கட்டிக்கொண்டு இவளும் அழுதாள். "பெத்தவளுக்குப் பால் கசக்குதாக்கும்" என்று அத்தை வாசலைப் பார்த்துச் சொன்னாள். சுகாதார நிலையத்து நர்ஸ், தாய்ப்பாலை நிறுத்தாதே, நிறுத்துவதால்தான் கெடுதல் என்று திட்டி அனுப்பினாள். கொடுத்தாள். கொடுக்கும்போதெல்லாம் அருள்நிறை மரியே வாழ்க என்று ஜெபத்தை ஆரம்பித்து, உம்முடைய திருவயிற்றின் கனி என்கிற இடத்தில் வந்து மாட்டிக்கொள்வாள். அதற்கு மேல் போகாது. மறுபடி முதலிலிருந்து. குழந்தைக்கு எதிரே கரண்டியைக் கீழே போடுவாள், திடுக்கிடுகிறதா. சாவிக்கொத்தை இடமிருந்து வலமாக ஆட்டுவாள், கண் பின்னால் வருகிறதா, இடது கண் கொஞ்சம் மெதுவாக வருகிறதோ. எதிர்வீட்டுப் பையன் இந்த வயதில் தவழ்ந்துவிட்டானாமே. மெலனி உட்கார்கிறாள், சாய்ந்துவிடுகிறாள். சாய்வது சாய்கிற வயதுதான் என்று நர்ஸ் சொன்னாள். நர்ஸுக்கு விரால் கதை தெரியாது. சொல்லியிருந்தால் நர்ஸின் முகம் எப்படி மாறியிருக்கும் என்று பார்க்கப் பயந்துதான் சொல்லவில்லை.

போன் அதிர்ந்தது, கீரை மடியிலிருந்து சிதறியது. யாழினி இல்லை, அத்தை. "ஏ ஜாஸு, தண்ணி வந்துச்சா?" வந்துவிட்டது அத்தை, பிடித்து வைத்துவிட்டேன். "விரால் கெடக்கா, எகிறிக் குதிச்சிருச்சா?" கிடக்கிறது. "தட்டை எடுத்து எடுத்துப் பாக்காத, அது ஓங்கண்ணைப் பாத்துச்சுன்னா ஒனக்குத் திங்க மனசு வராது, நீ ஏற்கனவே கொத்திக் கொத்தித் திங்கிற ஆளு. இங்க ஒரு வாத்தியாரு வந்து நிக்காரு, அவரு சம்சாரத்துக்கு ஆபரேசனாம், வெரால் இருக்கான்னு. எம் மருமவளுக்கு வச்சிருக்கேன் சாமி, தர முடியாதுன்னுட்டேன்." பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம், பஸ் ஹாரன். அவருக்கே கொடுத்துவிடுங்கள் அத்தை என்று சொல்ல வாய் வந்தது. அவர் சம்சாரத்துக்கா? வாயை மூடிக்கொண்டாள். "என்ன, பேச்சையே காணோம்?" ஒன்றுமில்லை அத்தை, பாப்பா அசைந்தாள். "சரி சரி, தட்டி விடு." வைத்துவிட்டாள். பாப்பா அசையவில்லை. ஒவ்வொரு நாளும் இப்படி ஒரு சின்னப் பொய். நேசிக்கிறவர்களிடம் சொல்லும் பொய்க்கு நெஞ்சுக்குள் தனியாக ஒரு இடம் இருக்கிறது போல, அங்கே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

மெலனியின் தலையில் இப்போது பூனை முடி மாதிரி லேசாக முளைத்திருக்கிறது. பிறக்கும்போதே காது மூடக் கருகருவென்று முடி. அத்தையின் நேர்த்திக்கடனாக ஐந்தாம் மாதம் வேளாங்கண்ணியில் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மாதா முன்னால் கிடத்தி எடுத்தார்கள். யாழினி போன மாதம் பாதரசச் சோதனைக்கு முடி வாங்க வீட்டுக்கு வந்தபோது குழந்தையின் தலையைப் பார்த்துவிட்டு, அச்சோ அக்கா, அந்த முடி இருந்தால் வயிற்றுக்குள் இருந்த காலம் அப்படியே தெரிந்திருக்குமே என்றாள். ஒரே சாட்சி, அதையும் கொண்டுபோய்க் கொடுத்தாகிவிட்டது. பரவாயில்லை, உங்கள் முடியே சொல்லும் என்று யாழினி அவள் பின்னந்தலையில், வேரோடு ஒட்டி, ஒரு கற்றையை நறுக்கி நூலால் கட்டினாள். வேருக்கு அருகில் இருப்பது இந்த மாதம், விரல் விரலாகக் கீழே இறங்க இறங்கப் போன மாதங்கள், தோளுக்கு வருவதற்குள் மெலனி வயிற்றில் இருந்த நாட்கள், இடுப்பில் தொங்குவது கல்யாணத்துக்கு முந்தைய ஜாஸ்லின். தலையில் இவ்வளவையும் சுமந்துகொண்டு தினமும் எண்ணெய் தேய்த்துப் பின்னிக்கொண்டிருந்திருக்கிறாள். அத்தையும் வந்து தலையைக் குனிந்தாள். "மசிருதானே, வெட்டிக்க. என்னையக் கண்ணாலத்துக்குக் கேட்டாத்தான் குடுக்க மாட்டேன்." அத்தைக்கு அது ஒரு வேடிக்கை. யாழினி போன பிறகு தரையில் விழுந்திருந்த இரண்டு முடியை ஜாஸ்லின் அடுப்பில் போட்டாள். சுருண்டு பொசுங்கி ஒரு நாற்றம் எழும்பியது. லேபின் நாற்றம். கந்தகம். முடியும் புரதம்தான் என்று அப்போது பளிச்சென்று தோன்றியது, உடம்பிலேயே கந்தகம் அதிகம் உள்ள புரதம். இத்தனை நாள் கந்தகத்தின் கை என்றாலே பிடிபட்ட கையாக மட்டும் நினைத்துப் பயந்தாளே, பிடிக்கிற கையும் அதுதானே. ரத்தத்தில் ஓடுகிற பாதரசத்தை முடியின் வேர் எட்டிப் பிடித்து, தன்னோடு மடித்துக் கட்டி, தோலுக்கு வெளியே தள்ளுகிறது. வெளியே வந்த முடிக்கு உயிரில்லை. அதில் மாட்டியது திரும்பி உள்ளே போக முடியாது. மீனின் சதையில் அதைத் தன்னிடம் கொண்டுவந்து சேர்த்த அதே கைதான், தினம் கொஞ்சம் கொஞ்சமாக அதை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது, தூங்கும்போதும், பயந்துகொண்டிருக்கும்போதும். மொட்டை போட்டதால் ஒன்றும் குறையவில்லை, அது ஏற்கனவே வெளியே வந்துவிட்டது, அவளுக்குத் தெரியும். ஆனாலும் மெலனியின் அந்தக் கறுத்த முடிக்குள் எவ்வளவு வந்திருந்ததோ அவ்வளவும் இப்போது குழந்தையிடம் இல்லை. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு சில ராத்திரிகள் தூங்கியிருக்கிறாள். சில ராத்திரிகளில் அது வழுக்கிப் போய்விடும்.

போன் மறுபடி அதிர்ந்தபோது எடுக்கக் கை வரவில்லை. எடுத்தாள். "அக்கா, யாழினி. சாப்பிட்டீங்களா?" முதலில் அதைச் சொல்லேன் பெண்ணே. "உங்களுதுல இருக்குக்கா. கர்ப்பமா இருந்த மாச முடியில, இருக்கலாம்ங்கிற அளவைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கு." வெயில் படியில் அப்படியே நின்றது. "அக்கா, கேக்குறீங்களா? ரொம்பப் பயப்படுற அளவுக்குப் போகல. அதுவும் வேருக்குப் பக்கத்துல பாருங்க, பாதிக்கும் கீழ எறங்கிருச்சு. நீங்க நிறுத்தினது அப்படியே தெரியுது. டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன். பால் தாராளமா குடுங்க, பாப்பாவுக்கு வளர்ச்சி மாசாமாசம் பாத்துக்கலாம், இப்ப வரைக்கும் நர்ஸ் எழுதினது எல்லாம் சரியாத்தான் இருக்காம்." சரியாத்தான் இருக்காம். உறுதியாக யாரும் சொல்லவில்லை, ஆனால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை, இறங்கியிருக்கிறது, இறங்கிக்கொண்டிருக்கிறது, அவள் உடம்பு அவளுக்குத் தெரியாமல் வேலை பார்த்திருக்கிறது. அருள்நிறை மரியே, திருவயிற்றின் கனியும் ஆசீர்வதிக்கப்பட்டதே, வந்துவிட்டது, மாட்டிய இடத்தைத் தாண்டிவிட்டது. "அக்கா, இன்னொண்ணு. உங்க அத்தைக்குத்தான் ரொம்ப அதிகம். அவங்க தினமும் திங்கிறாங்கல்ல. கை கால் மரத்துப் போகுதான்னு கேளுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும். சின்ன மீன், ஜிலேபி மாதிரி பாசி திங்கிற மீனுல அவ்வளவா இல்லக்கா, அதைத் திங்கலாம். வெரால் மட்டும் இப்பதைக்கு வேணாம்னு சொசைட்டியிலயும் சொல்லப் போறோம்." மரத்துப் போகுதா. நேற்று அத்தை ஊசியில் நூல் கோக்க முடியாமல் திட்டினாளே. விரல் நுனியில் எறும்பு ஓடுது, ஐஸ்ல கிடந்த கைடீ என்றாளே. ஜாஸ்லின் எல்லா நாளும் ஒரு தலைக்காக மட்டும் பயந்துகொண்டிருந்தாள். தட்டில் சதையைப் பிய்த்து வைத்துவிட்டுத் தலையையும் முள்ளையும் சப்பிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தவளின் தலை அவள் நினைவில் ஒரு தடவைகூட வரவில்லை.

அத்தை வந்தாள். காலிக் கூடையை வேலியில் கவிழ்த்தாள், காலைக் கழுவினாள், கத்தியையும் சாம்பல் சட்டியையும் எடுத்துக்கொண்டு வாளிக்குப் போய்க் குந்தினாள். கல்லை இறக்கித் தட்டைத் தூக்கினாள். ஜாஸ்லின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, அறுக்க வேண்டாம்."

"ஏன், நாளைக்கா? நாளைக்கு வெள்ளி, கறி ஆகாது, நாளைக்கும் மீனுதான்."

"அந்தக் காலேஜ் பொண்ணு கூப்பிட்டுச்சு. முடி பாத்துட்டாங்க."

அத்தையின் கை வாளி விளிம்பில் நின்றது. முகத்திலிருந்த கிண்டல் எங்கேயோ போனது. "புள்ளைக்கு?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கா."

"ஒனக்கு?"

"இருந்துச்சு. எறங்கிருச்சு. நான் திங்கல அத்தை. கூட்டத்துலருந்து நான் வெரால் திங்கவே இல்ல. நீங்க வச்சதெல்லாம் பப்பாளிக்கடியில பொதச்சேன்." சொல்லிவிட்டாள். திட்டு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"எனக்குத்தான்னு சொல்ல வந்திருக்க," என்றாள் அத்தை, அவளைப் பார்க்காமல்.

"உங்களுக்குத்தான் அதிகம். அந்த வெரல் எறும்பு ஐஸால இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போவோம். நிறுத்தினா எறங்கும் அத்தை, எனக்கு எறங்கின மாதிரி. முடியே வெளிய தள்ளிரும். சத்தியமா."

விரால் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போனது. "ஆபரேசன் பண்ணுன ஆளுகளுக்கெல்லாம் மருந்துன்னு சொல்லித்தான் வித்தேன்," என்றாள் அத்தை, தண்ணீரைப் பார்த்து. "அந்த வாத்தியாரு நாளைக்கும் வருவாரு."

"வந்தா சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. அந்தப் பொண்ணு சொன்னதுக்குச் சிரிச்சாங்கல்ல."

"நாந்தானே சிரிக்க வச்சேன்." கத்தியைச் சாம்பலுக்குள் குத்தி வைத்தாள். "பின்ன எதைத்தான் திங்கிறது?"

"ஜிலேபி திங்கலாமாம்."

"ஜிலேபியா?" அத்தைக்கு இதுதான் பெரிய அடி. "ஏ, அது சாக்கடையில கெடந்தாலும் பெருகுற சாதி. எங்க வீட்டு அடுப்பு அதைப் பாத்ததில்ல. ஒங்க மாமா கல்லறையில திரும்பிப் படுப்பாரு."

"படுக்கட்டும்," என்றாள் ஜாஸ்லின். அத்தையின் வாய்க்கோடியில் ஒரு சிரிப்பு வந்து அப்படியே நின்றது.

உள்ளே தொட்டில் ஆடியது, மெலனி முனகி, பிறகு குரலெடுத்தாள். ஜாஸ்லின் ஓடிப் போய்த் தூக்கிவந்தாள். எப்போதும் இந்தக் குரலுக்கு முதல் ஆளாய் எழுகிறவள் அத்தைதான், இன்றைக்கும் பாதி எழுந்துவிட்டாள், கையை நீட்டியும்விட்டாள். பிறகு நீட்டிய கைகளைத் தானே பார்த்தாள், சேலையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். "நான் தொடலாமா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் அத்தை எதற்கும் அனுமதி கேட்டு ஜாஸ்லின் பார்த்ததில்லை.

"தொட்டா ஒண்ணும் ஆகாது அத்தை. பிடிங்க."

குழந்தையை அவள் மடியில் வைத்தாள். மெலனி அழுகையை நிறுத்திவிட்டு, எதிரே ஆடிய அத்தையின் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள், இரண்டு கண்களாலும் சேர்ந்து பார்த்தாள், எட்டி, முழுக் கையாலும் பிடித்துக்கொண்டாள். அத்தை அசையாமல் உட்கார்ந்து தன் மரத்துப் போன விரல் நுனியில் எதையோ தேடுகிற மாதிரி கண்ணை மூடினாள்.

"தெரியுது," என்றாள். "லேசா. ஆனா தெரியுது புள்ள."